செல்லப்பிராணித் தொழிலில் இருப்பவர்கள் ஒன்றுகூடினால் முதலில் எதில் கை வைப்பது?

கழுத்துப்பட்டை எழுதியது:

வணக்கம். செல்லப்பிராணிகளுக்கான உணவும் பொருள்களும் விற்கும் சிறிய கடை ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற மாதம் ஒருநாள் காலையில் கடையைத் திறக்க வந்தபோது, கதவின் கைப்பிடியில் கயிற்றால் கட்டப்பட்டு ஒரு லாப்ரடார் நாய் உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் இருந்த சிவப்புப் பட்டை என் கடையில் வாங்கியதுதான். அடுத்த தெருவில் கிரூமிங் நிலையம் (விலங்குகளைக் குளிப்பாட்டி முடி வெட்டும் இடம்) நடத்துபவர் அதைக் கண்டதுமே அடையாளம் சொன்னார். இரண்டு மாதங்களுக்கு முன் காதில் சீழோடு குளிப்பாட்ட அழைத்து வரப்பட்டதாம். மருத்துவரிடம் காட்டுங்கள் என்றதற்கு உரிமையாளர் பதில் பேசாமல் போய்விட்டாராம். அவர் பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனையில் சோதித்தபோது, அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப்பும் இருந்தது. ஆனால் சிப்பின் எண், குட்டிகளை ஈனவைத்து விற்கும் பிரீடரின் பெயரிலேயே நின்றுபோயிருந்தது; நாயை விற்றவர் அவர்தான். அவருடைய தொலைபேசியும் இப்போது பயன்பாட்டில் இல்லை.

அந்த நாயைப் பற்றி எங்கள் ஒவ்வொருவருக்கும் ஏதோ கொஞ்சம் தெரிந்திருந்தும், அது கைவிடப்படும்வரை எங்களில் யாரும் மற்றவரோடு பேசவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இப்போது கடைக்காரர்கள், மருத்துவர்கள், கிரூமர்கள், போர்டிங் (உரிமையாளர் வெளியூர் போகும்போது விலங்கை விட்டுச்செல்லும் விடுதி) நடத்துபவர்கள், கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகத்தார் என ஏறத்தாழ இருபது பேர் கூடிப் பேச இசைந்திருக்கிறோம். ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவோமோ என்ற அச்சமும் இருக்கிறது. முதலில் எந்த வேலையை எடுத்தால் நகரத்து விலங்குகளுக்கு உண்மையிலேயே பயன் இருக்கும்?

ஊசிமருந்து எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். உங்கள் நாயின் கதையிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்: சிப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற பன்னாட்டுத் தரங்களின்படி அமைந்த சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. அதற்குள் மின்கலம் இல்லை, பெயர் இல்லை, இருப்பிடத்தைக் காட்டும் வசதியும் இல்லை. ஸ்கேனர் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது மட்டும் அது விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் சரியான பெயரும் தொலைபேசியும் இல்லையென்றால், தோலுக்கடியில் கிடப்பது ஓர் அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக்குழல், அவ்வளவுதான். விற்பவர் விற்கும் அன்றே பெயரை மாற்றித்தர வேண்டும். கிரூமிங்குக்கோ போர்டிங்குக்கோ வரும்போது எண்ணைப் படித்து, ‘உங்கள் தொலைபேசி இன்னும் இதுதானா?’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். மருத்துவரால் மட்டும் இது நடக்காது, ஏனெனில் நலமாக இருக்கும் நாயை நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். உணவு வாங்க உரிமையாளர் உங்களிடம் மாதந்தோறும் வருகிறார்.

ஸ்கேனரைப் பயன்படுத்தும் முறையையும் அனைவருக்கும் கற்றுக்கொடுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் போட்ட சிப், நாளடைவில் முழங்கைவரைகூட நகர்ந்துவிடுவது உண்டு. கழுத்தின்மேல் ஒருமுறை காட்டிவிட்டு ‘சிப் இல்லை’ என்று எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தோலை ஒட்டி, மெதுவாக, வளைந்து வளைந்து மார்புவரை கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்ற சொல்லை உங்கள் இருபது பேரும் சேர்ந்து ஒழித்தால் பெரிய புண்ணியம். எட்டு வாரக் குட்டிக்கு எல்லா ஊசியும் போட்டு முடித்திருக்க வழியே இல்லை. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள் தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான், 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். விற்றவரின் சொல்லை நம்பி நிறுத்திவிட்டு, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து, இரத்தமாகக் கழியும் குட்டியோடு வருகிறவர்களிடம் அதற்குமேல் என்ன விளக்குவது?

சீப்பும் கத்திரியும் எழுதியது:

மருத்துவர் ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் எங்கள் தரப்பின் சிக்கலையும் சொல்ல வேண்டும். சிக்குப்பிடித்த முடியை மழிக்கும்போது அடியில் என்ன இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஷீட்ஸூ என்ற நீளமுடிச் சிறுநாய் ஒன்றின் முடியை அடியோடு எடுத்தபோது கம்பளிபோல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. கீழே தோல் சிவந்து ஈரமாக இருந்தது, வளைந்து வளர்ந்த நகம் ஒன்று பாதத்துக்குள்ளேயே குத்தியிருந்தது. அந்த உரிமையாளர் கொடுமைக்காரர் அல்லர். கணவரை இழந்து எழுந்திருக்க முடியாமல் இருந்த வயதான அம்மா அவர். நான் அன்று கடிந்து பேசியிருந்தால் அவர் மறுமுறை வந்திருக்க மாட்டார்.

ஆகவே, கிரூமர் கண்டதை எழுதும் ஒரு சீட்டு வேண்டும். ‘இடது காதில் நாற்றம், கருப்பு அழுக்கு, தலையை உதறுகிறது’ என்று கண்டதை மட்டும் எழுதலாம். நோயின் பெயரை எழுதக் கூடாது, அது எங்கள் வேலையன்று. உரிமையாளரிடம் சொல்லி, அவர் இசைவோடு அது மருத்துவருக்குப் போக வேண்டும். தெரியாமல் பகிர்ந்தால் நம்பிக்கை போய்விடும். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாங்கள் அனுப்பும் நாயைப் பார்த்துவிட்டு ‘கிரூமர் சொன்னாரா!’ என்று சிரிக்காதீர்கள்.

பதினோராம் கூண்டு எழுதியது:

காப்பகத்தில் பணி செய்கிறேன். மேலே சொன்ன எல்லாம் நல்லவைதாம். ஆனால் உங்கள் இருபது பேரில் எத்தனை பேர் கடையில் குட்டி விற்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லையே. எங்கே பிறந்தது, தாய் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாத குட்டியைக் கண்ணாடிப்பெட்டியில் வைத்து விற்றுவிட்டு, இன்னொரு பக்கம் நலக் கூட்டத்தில் உட்கார்வது எனக்குச் செரிக்கவில்லை. கலிபோர்னியாவில் 2019 முதல் கடைகள் காப்பகங்களிலிருந்தும் மீட்பு அமைப்புகளிலிருந்தும் வந்த நாய், பூனை, முயல்களை மட்டுமே தர முடியும் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்க முடியாது. பிரான்சில் 2024 தொடக்கத்திலிருந்து கடைகளில் நாயும் பூனையும் விற்பதே நின்றது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை: பெட்ஸ்மார்ட் என்ற அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைத்தொடர் நாய், பூனை விற்காமல், தன் கடைகளிலேயே காப்பக விலங்குகளுக்குத் தத்தெடுப்பு இடம் கொடுத்து வந்திருக்கிறது. குட்டி வாங்க வருகிறவர் தேடும் இடத்திலேயே எங்கள் நாய் உட்கார்ந்திருந்தால், அதுதான் உதவி.

உணவு நன்கொடை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கூட்டம் போட்டால் முதலில் இதுதான் வரும். காலாவதி நெருங்கிய மூட்டைகள், இன்று ஒரு வகை, நாளை வேறு வகை என்று வந்து இறங்குகின்றன. திடீர் திடீரென்று உணவு மாறினால் நாய்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். மறுநாள் காலை பதினைந்து கூண்டுகளைக் கழுவுவது நாங்கள். அளவு குறைந்தாலும் பரவாயில்லை, ஒரே உணவை மாதந்தோறும் கொடுங்கள்.

தெருநாய்களைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களால் வருவது. நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட்டால்தான் அது பரவுவது அறும். அதற்கு வீட்டுநாய், தெருநாய் என்ற வேறுபாடு கிடையாது. தடுப்பூசி முகாமுக்கு இடமும், மருந்தை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்க ஒரு குளிர்பெட்டியும், நாய் பிடிக்கத் தெரிந்த இரண்டு கிரூமர்களும் கிடைத்தால் எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இரவுக்காவல் எழுதியது:

போர்டிங் நடத்துகிறேன். சுருக்கமாக ஒன்று: ஊருக்குப் போவதாகச் சொல்லி விட்டுவிட்டு, திரும்பியே வராதவர்கள் எங்களுக்கும் உண்டு. அவர்களில் சிலர் அதற்கு முன்பே ‘வீடு மாறுகிறோம், புது வீட்டில் நாய்க்கு இடமில்லை’ என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவுடன் காப்பகத்தின் எண்ணைக் கொடுக்க ஊழியர்களைப் பழக்கியிருக்கிறேன். நேராகப் போய் ஒப்படைப்பதில் வெட்கமில்லை என்று தெரிந்தால், கதவில் கட்டிவிட்டுப் போக மாட்டார்கள்.

கழுத்துப்பட்டை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. காப்பக நண்பரின் கேள்வியை நேற்றைய கூட்டத்தில் அப்படியே வைத்தேன். குட்டி விற்பவர்கள் எங்களில் நான்கு பேர். ஒருவர் எழுந்து போய்விட்டார். ஒருவர் கண்ணாடிப்பெட்டியை எடுத்துவிட்டு, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தத்தெடுப்புக்கு இடம் தர ஒப்புக்கொண்டார். மற்ற இருவரும் இப்போதைக்கு, விற்கும் அன்றே சிப்பை வாங்குபவர் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது போதாது என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். ஆனாலும் அவர்களை வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.

ஸ்கேனர் இரண்டு வாங்குகிறோம். ஒன்று என் கடையில், மற்றொன்று கிரூமிங் நிலையத்தில். சீட்டை எழுதிப் பார்த்தோம், முதல் முயற்சியிலேயே இரண்டு பக்கம் வந்துவிட்டது; உள்ளங்கை அளவுக்குக் குறைக்க வேண்டும். கிரூமர் நண்பர் தம்முடைய மாதிரி ஏதேனும் இருந்தால் இங்கே பகிர முடியுமா? லாப்ரடாரின் காது ஆறிவிட்டது. இதை எழுதும்போது அது கல்லாப்பெட்டிக்குக் கீழே படுத்து, புதிய பட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.