எஸிட்டலோபிராம் (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரை) மூணு வாரம், தூக்கமே வரல

கேள்வி:
10 மி.கி. ராத்திரி போடுறேன், குமட்டல் குறைஞ்சிடுச்சு ஆனா தூக்கம் சுத்தமா போச்சு, காலைல சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே கண்ணு சொருகுது. கிளினிக்ல அஞ்சு நிமிஷம்தான் பேசினாங்க. நிறுத்திடலாமா?

பதில்:
ஐயோ திடீர்னு நிறுத்தாதீங்க சிஸ், நான் நிறுத்தி தலைசுத்தி மண்டைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி ஆகி ஒரு வாரம் படுத்துட்டேன். காலைல போடலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, எனக்கு அதுலயே சரியாச்சு. நல்லா பலன் தெரிய 4-6 வாரம் ஆகும்.

பதில்:
அரசு பாலிகிளினிக் போய் ரெஃபரல் லெட்டர் வாங்குங்க, அப்பதான் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு மானியம் கிடைக்கும். காத்திருக்கணும், அது வேற கதை. ராத்திரி ரொம்ப முடியலன்னா மனநல உதவி எண் 1771க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

கேட்டவர்:
டாக்டர் காலைல மாத்திக்க சொல்லிட்டார். அம்மாகிட்ட இன்னும் வைட்டமின்னுதான் சொல்லி வச்சிருக்கேன் 😅