இடது கால் செருப்பு

எங்கள் குடும்பக் குழுவின் பெயர் ‘சொரிமுத்து அய்யனார் துணை’. முகப்புப் படத்தில் தாத்தா, மில் சீருடையில். கீழே இருப்பது 2025 பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாளும் அன்றும் நடந்த பேச்சு. பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடி. ஆச்சி குரல் பதிவுதான் அனுப்புவாள், அதை நான் எழுதிவிட்டேன். குட்மார்னிங் படங்களை நீக்கியிருக்கிறேன், 14 இருந்தன.

ஏப்ரல் 10, வியாழன்

காலை 6.02
பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நாளை பங்குனி உத்திரம். வேன் காலை 5.30 மணிக்கு விக்கிரமசிங்கபுரம் வீட்டு வாசலிலிருந்து புறப்படும். 5.45 அல்ல. பாபநாசம் செக்போஸ்டில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். நம் சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தூக்குவாளியும் செம்பும் போதும். ஆற்றில் சோப்பு, ஷாம்பு கூடாது. குளித்த துணியை ஆற்றில் விடும் பழக்கத்தையும் நம் குடும்பம் நிறுத்த வேண்டும். கோயில் வரி தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) 2,000 ரூபாய். இதுவரை கொடுத்தவர்கள்: நான், செல்வி.

6.40
சித்தப்பா தூத்துக்குடி: (கட்டைவிரல்)

6.41
பெரியப்பா: தம்பி, கட்டைவிரலை வரிக்கணக்கில் எழுத முடியாது.

6.55
குமார் அண்ணன் சென்னை: அப்பா, நான் வரவில்லை. வராதவர்களுக்கும் வரி உண்டா?

6.56
பெரியப்பா: உண்டு. போன வருடப் பாக்கியும் உண்டு.

7.15
செல்வி அத்தை: அண்ணே ஒரு காரியம் நடந்துபோச்சு

7.15
செல்வி அத்தை: தோனி செருப்பைக் கடித்துவிட்டான்

7.16
குமார் அண்ணன் சென்னை: எந்தச் செருப்பு?

7.16
செல்வி அத்தை: பட்டவராயன் செருப்பு

7.17
மீனா அக்கா: ஐயோ அத்தை

7.17
வள்ளி சித்தி: அந்த 1,100 ரூபாய் செருப்பா?

7.19
செல்வி அத்தை: (படம். திண்ணையில் செய்தித்தாள் விரித்து இரண்டு தோல் செருப்புகள். வலது புதுக் கருக்கு மாறாமல் இருக்கிறது. இடதில் கட்டைவிரல் வளையம் அறுந்து தொங்குகிறது, குதிகால் ஓரம் நான்கு பல் பதிந்து பிய்ந்திருக்கிறது. பின்னால் தூணருகே வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு தோனி.)

7.20
குமார் அண்ணன் சென்னை: முகத்தைப் பாருங்கள். அப்பாவி.

7.21
நான்: வலது நன்றாகத்தானே இருக்கிறது

7.22
பெரியப்பா: இது நகைச்சுவை அல்ல. சிவா கபடியில் கால் முறிந்து கிடந்தபோது, ‘பேரன் எழுந்து நடந்தால் உனக்கு ஒரு ஜோடி செருப்பு’ என்று அம்மா நேர்ந்துகொண்டது. ஏற்கெனவே இரண்டு வருடம் தள்ளிப்போய்விட்டது. ஏன் தள்ளிப்போனது என்பதை இங்கே பேச விரும்பவில்லை.

7.24
சித்தப்பா தூத்துக்குடி: பேசலாமே

7.24
வள்ளி சித்தி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

7.31
பெரியப்பா: இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். நம் கோயிலில் சன்னிதி கொண்டிருக்கும் பட்டவராயன் என்பவர் முத்துப்பட்டன். அந்தணர் குலத்தில் பிறந்தவர். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு மணம் முடிக்கக் கேட்டார். பகடை என்ன சொன்னார்? ‘பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு, எங்களைப்போலச் செருப்புத் தைத்து விற்று வா, தருகிறேன்’ என்றார். பட்டன் தைத்தார், விற்றார், கட்டினார். பிறகு மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டார். பெண்கள் இருவரும் உடன் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். அவர் சன்னிதிக்கு ஏன் செருப்பு என்பது இதனால்தான். கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த வருடம் பார்த்தால் தேய்ந்திருக்கும். இரவில் அவர் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவே

7.31
பெரியப்பா: (தவறி அனுப்பிவிட்டேன்) ஆகவே ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோய் நீட்ட முடியாது.

7.33
சிவா: யாராவது என்னைப் பற்றிக் கேட்பீர்களா?

7.33
குமார் அண்ணன் சென்னை: உனக்கென்ன மாப்பிள்ளை

7.34
சிவா: செருப்பைப் பிடுங்கப் போனேன். கையிலும் கடித்துவிட்டான்

7.34
மீனா அக்கா: ரத்தம் வந்ததா?

7.35
சிவா: கொஞ்சம். ஆச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டிருக்கிறாள்

7.35
மீனா அக்கா: வேண்டாம்!! எதையும் பூசாதே. குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவு. 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து. கட்டுப் போடாதே

7.36
மீனா அக்கா: அத்தை, தோனிக்கு ஊசி அட்டை எங்கே?

7.38
செல்வி அத்தை: பொங்கலுக்கு வெள்ளை அடித்தபோது எங்கேயோ போய்விட்டது

7.38
மீனா அக்கா: போன வருடம் போட்டதா?

7.41
செல்வி அத்தை: போட்டமாதிரிதான் ஞாபகம்

7.42
மீனா அக்கா: அது போதாது. வீட்டு நாய், நல்ல நாய் என்றெல்லாம் பார்க்காதீர்கள். சிவா, உடனே அம்பாசமுத்திரம் அரசு ஆசுபத்திரிக்குப் போ. மகாவீர் ஜெயந்தி லீவு என்று உட்காராதே, அவசரப் பிரிவு இருக்கும். காசு கிடையாது. ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடச் சொல்வார்கள், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்

7.43
சிவா: மதினி, தொப்புளைச் சுற்றி 14 ஊசியா

7.43
மீனா அக்கா: அதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில்தான். இன்றைக்கு ஒன்று. இன்றைப் பூஜ்யம் என்று வைத்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். அதாவது 13, 17, மே 8. தேதி தவறக் கூடாது

7.45
சித்தப்பா தூத்துக்குடி: எனக்கு 14 போட்டார்கள்

7.45
சித்தப்பா தூத்துக்குடி: 1979

7.47
பெரியப்பா: அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம், 1907இல் தொடங்கியது, அங்கே அதைத் தயாரித்தார்கள். அதனால்தான் அத்தனை ஊசி. தம்பி அன்று நாயைச் சீண்டாமல் இருந்திருந்தால்

7.48
சித்தப்பா தூத்துக்குடி: அண்ணே, கல் எறிந்தது நீங்கள். ஓடத் தெரியாமல் நின்றது நான்.

7.49
பெரியப்பா: ஆதாரம் உண்டா?

7.49
சித்தப்பா தூத்துக்குடி: தொப்புளைச் சுற்றி இருக்கிறது. நாளை காட்டுகிறேன்.

7.50
குமார் அண்ணன் சென்னை: ஆட்டு மூளை என்றதும் ஞாபகம். நாளைக்குக் கிடா உண்டுதானே? மூளை யாருக்கு?

7.51
பெரியப்பா: வராதவருக்கு இல்லை. அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கல். கிடா பரிவார தெய்வங்களுக்கு மட்டும். குழப்பிக்கொள்ளக் கூடாது.

7.53
ஆச்சி (குரல்): நாய் கடித்தவன் கறி தின்னக் கூடாது. கத்தரிக்காயும் கூடாது. விஷம் ஏறும்.

7.53
சிவா: மதினி???

7.54
மீனா அக்கா: அப்படி ஒரு பத்தியமும் கிடையாது. தாராளமாகச் சாப்பிடு. முதலில் ஊசி

7.54
சிவா: கிளம்பிவிட்டேன்

8.20
மீனா அக்கா: இன்னொன்று. தோனியை 10 நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். சாப்பிடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா என்று தினமும் பார்த்துச் சொல்லுங்கள். அவன் நன்றாக இருக்கிறான் என்று சிவா ஊசியை விட்டுவிடக் கூடாது, அது வேறு இது வேறு

8.22
ஆச்சி (குரல்): இப்போதுதான் இரண்டு இட்லி தின்றான்.

10.48
சிவா: போட்டாச்சு. கை கனக்கிறது. அட்டை கொடுத்தார்கள். படம் எடுத்து அனுப்புகிறேன், இதையாவது தொலைக்காதீர்கள்

10.49
மீனா அக்கா: நல்ல பிள்ளை

11.10
பெரியப்பா: செருப்பு விஷயத்துக்கு வருவோம். தைத்துக் கொடுத்தவரிடம் பேசினேன். புது ஜோடிக்கு ஒரு வாரம் ஆகும் என்கிறார். இடதுக்கு வார் மட்டும் மாற்றித் தர சம்மதம். குதிகால் பல் தடம் போகாது.

11.12
வள்ளி சித்தி: கடையில் ஒரு ஜோடி வாங்கிவிடலாமே அத்தான்

11.13
பெரியப்பா: ரப்பர் அடி போட்டதை பட்டவராயனுக்கா?

11.15
நான்: ஆடி அமாவாசைக்குப் போய்ச் செலுத்தினால்?

11.16
செல்வி அத்தை: அந்தக் கூட்டத்தில் அம்மாவை எப்படி அழைத்துப்போவது

11.30
ஆச்சி (குரல்): அவனே செருப்புத் தைத்தவன்தானே. ஒட்டுப்போட்டது அவனுக்குத் தெரியாததா? தைத்து வாங்கிக்கொண்டு வா.

11.31
குமார் அண்ணன் சென்னை: ஆச்சி சிக்ஸர்

11.40
பெரியப்பா: பின்னமான பொருளைத் தெய்வத்துக்குக் கொடுப்பது முறையா என்று யோசிக்க வேண்டும். மாலை பேசுவோம்.

(மாலை பேசவில்லை. வேன் டிரைவர் 500 ரூபாய் கூடக் கேட்டதில் 40 செய்திகள் போயின. அதை விட்டுவிடுகிறேன்.)

மாலை 6.58
குமார் அண்ணன் சென்னை: தோனி திரும்பவும் கேப்டன்!!!

6.59
ஆச்சி (குரல்): கட்டிப்போட்ட நாய்க்கு என்னடா பதவி?

7.00
சிவா: அந்தத் தோனி இல்லை ஆச்சி. ஐபிஎல் சென்னை அணி கேப்டன் ருதுராஜுக்கு முழங்கை எலும்பில் முறிவு. சீசன் முழுவதும் கிடையாது. நாளைக்கு சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு மேட்ச்

7.02
சித்தப்பா தூத்துக்குடி: 7.30க்கு. கோயிலில் இருந்து அதற்குள் இறங்கிவிடுவோமா?

7.03
பெரியப்பா: வரி கேட்டால் கட்டைவிரல். மேட்ச் என்றால் முழு வாக்கியம்.

7.05
வள்ளி சித்தி: நாளைக்குத் தோனியை யார் பார்த்துக்கொள்வது? காட்டுக்குள் நாயைக் கொண்டுபோக விட மாட்டார்களே. எனக்கு முட்டி வலி, நான் வீட்டில் இருந்துகொள்கிறேன்

7.09
செல்வி அத்தை: மதினிக்குக் கோயில் என்றால் முட்டி வலி வந்துவிடும்

7.10
வள்ளி சித்தி: செல்வி, நீ நாயைச் சரியாகக் கட்டியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை

7.10
மீனா அக்கா: சித்தி இருக்கட்டும். தோனிக்குத் துணை வேண்டும்

7.11
பெரியப்பா: காலை 5.30.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை 5.52
செல்வி அத்தை: கிளம்பிவிட்டோம்

5.53
குமார் அண்ணன் சென்னை: 5.45 அல்ல என்று யாரோ சொன்னார்களே

6.35
சிவா: செக்போஸ்ட். பெரிய மாமா பையிலேயே பிளாஸ்டிக் பை இருந்தது. விபூதி வைத்திருந்தாராம்

6.36
மீனா அக்கா: செருப்பு என்ன ஆச்சு? கொண்டுபோகிறீர்களா?

(பதில் இல்லை. அதற்கு மேல் டவர் கிடையாது.)

9.10
மீனா அக்கா: சொல்லுங்களேன்

9.11
குமார் அண்ணன் சென்னை: ஒரு டிக்தான் விழுகிறது

12.05
வள்ளி சித்தி: தோனி மதியச் சோறு சாப்பிட்டான். மீனா, கணக்கில் வைத்துக்கொள். இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறான். என் செருப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்

மாலை 4.44
சிவா: (37 படங்கள்)

4.50
குமார் அண்ணன் சென்னை: கிடா படம் 12, சாமி படம் 3

4.52
நான்: 29ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

(பட்டவராயன் சன்னிதி. மேலே கயிற்றில் வரிசையாகச் செருப்புகள். சில ஒரு சாண், சில மூன்று சாண். எண்ணெய் இறங்கிக் கறுத்தவை நடுவே புதுத் தோல் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. இடதின் வார் வேறு நிறம். குதிகாலில் பல் தடம்.)

4.53
மீனா அக்கா: கட்டிவிட்டீர்களா! அப்பா ஒத்துக்கொண்டாரா?

4.55
செல்வி அத்தை: அண்ணன் ஆற்றில் குளிக்கப் போன நேரத்தில் அம்மா கொடுத்துவிட்டது

4.56
சித்தப்பா தூத்துக்குடி: அடுத்த வருடம் பார்க்கிறவர்கள் பட்டவராயன் போட்டு நடந்து தேய்ந்தது என்பார்கள்

4.57
வள்ளி சித்தி: யாரும் நாய் என்று வாயைத் திறக்காதீர்கள்

5.20
பெரியப்பா: நான் அதைச் செலுத்தியதாகக் கருதவில்லை. வைத்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குப் புது ஜோடி தைக்கக் கொடுப்போம். மூன்று வீடும் சமமாகப் பகிர வேண்டும்.

5.21
சித்தப்பா தூத்துக்குடி: (கட்டைவிரல்)

5.22
செல்வி அத்தை: அம்மா முடிந்தது என்கிறது

5.23
பெரியப்பா: வீட்டுக்கு வந்து பேசிக்கொள்வோம்.

இரவு 7.50
சிவா: ஓப்பனர் ரெண்டு பேரும் போய்விட்டார்கள்

8.35
குமார் அண்ணன் சென்னை: பந்து திரும்புகிறது. கொல்கத்தாவின் நரைன் பந்து போட வந்துவிட்டார். யாராவது பட்டவராயனிடம் சொன்னீர்களா

9.12
குமார் அண்ணன் சென்னை: 20 ஓவரில் 103. சேப்பாக்கத்தில். 9 விக்கெட்.

9.13
சித்தப்பா தூத்துக்குடி: டிவியை அணைத்துவிட்டேன்

9.14
பெரியப்பா: குமார், மேட்ச் டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது. வரி?

9.14
குமார் அண்ணன் சென்னை: அப்பா, இந்த நேரத்திலா

10.20
சிவா: 10.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டார்கள். வரிசையாக ஐந்தாவது தோல்வி. ஊசி போட்ட கைகூட இவ்வளவு வலிக்கவில்லை

10.22
மீனா அக்கா: ஞாயிறு இரண்டாவது ஊசி. யார் கூட்டிப்போவது?

10.22
மீனா அக்கா: ஹலோ

10.31
ஆச்சி (குரல்): தோனி ராத்திரிக்கு என்ன எடுத்தான்?

10.31
குமார் அண்ணன் சென்னை: ஒரு ரன், ஆச்சி

10.33
வள்ளி சித்தி: அரைத் தட்டு பால்சோறு அத்தை. மிச்சம் வைத்துவிட்டான்

10.33
மீனா அக்கா: மிச்சமா? ஏன்? தண்ணீர் குடித்தானா?

10.36
செல்வி அத்தை: கோயில் கறி மிச்சத்தைச் சிவா போட்டிருக்கிறான், அதுதான்

10.37
மீனா அக்கா: சரி. காலையில் பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு யார்?

10.52
சித்தப்பா தூத்துக்குடி: (கட்டைவிரல்)