விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அம்மா நடப்பதையே விட்டுவிட்டார்

திருச்சிக்காரன்:
அம்மாவுக்கு 74 வயது. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோயில், மாடி எதுவும் கிடையாது, நாள் முழுக்கக் கூடத்து நாற்காலிதான். கட்டாயப்படுத்தி நடக்க வைக்கலாமா?

மூத்த மருமகள்:
திட்டாதீர்கள், ஆனால் அப்படியே விட்டும்விடாதீர்கள். நடக்காமலே இருந்தால் தொடையில் பலம் போய்விடும், அடுத்த முறை தடுமாறினால் சமாளிக்க முடியாது, என் மாமியாருக்கு அதுதான் நடந்தது. கையைப் பிடித்து வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை கூட்டிப்போங்கள்.

ராஜா_72:
பாத்ரூமில் துண்டு போடும் கம்பியைப் பிடிக்க விடாதீர்கள். ஆள் எடையைத் தாங்காது, எங்கள் வீட்டில் திருகாணியோடு என் கையில் வந்தது! சுவரில் துளை போட்டுத் தனிக் கைப்பிடி வையுங்கள். உள்தாழ்ப்பாளும் வேண்டாம்.

செவிலி அக்கா:
பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ போடுகிறாரா? எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். டாக்டரிடம் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சிக்காரன்:
இப்போதுதான் கேட்டேன் அக்கா. காலையில் எழுந்தால் கிர்ரென்று வருகிறதாம், இத்தனை நாள் வாயே திறக்கவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போகிறோம்.