வல்னரபிலிட்டி: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: நாழிகை

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் மேசைக்கணினியின் புதுப்பிப்புச் செயலிக்கான தமிழாக்கம் முடியும் தறுவாயில் இருக்கிறது. வெள்ளியன்று சரங்கள் (திரையில் வரும் வாசகங்கள்) உறைந்துவிடும். அப்புறம் அடுத்த வெளியீடு வரை யாரும் கைவைக்க முடியாது. மீதி நிற்பது ஒரே ஒரு சொல்: வல்னரபிலிட்டி, அதாவது பிறர் தவறாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நிரல் குறை.

பழைய கோப்பில் ‘பாதிப்பு’ என்று இருக்கிறது. ‘சூடோ பொதியில் பாதிப்பு கண்டறியப்பட்டுள்ளது, உடனே புதுப்பிக்கவும்.’ (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்க உதவும் நிரல்.) இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். போன வாரம் ஒரு பயனர் உதவி கேட்டு எழுதியதைப் படித்ததும் மனம் மாறிவிட்டது. இந்த அறிவிப்பைப் பார்த்தவர் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயந்து, இணைய வடத்தைப் பிடுங்கி, படங்களையெல்லாம் பென்டிரைவில் நகலெடுத்து, கைவசம் இருந்த பழைய நிறுவல் வட்டைப் போட்டு முழுவதையும் புதிதாக நிறுவியிருக்கிறார். அந்த வட்டில் இருந்தது திருத்தப்படாத அதே சூடோ! ‘புதுப்பி’ பொத்தானை அழுத்தியிருந்தால் அரை நிமிட வேலை.

சொல் சொல்லுங்கள். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘சுருக்கமாக’ என்பதைக் கவனிக்கவும்.

அனுப்புநர்: வேம்பு

நாழிகை தம்பி, அந்தப் பயனர் மேல் தப்பே இல்லை. ‘வெள்ளத்தால் பாதிப்பு’ என்றால் வெள்ளம் வந்துவிட்டது என்று பொருள். வரக்கூடும் என்று யாரும் படிக்க மாட்டார்கள். நான் பாடம் எடுக்கும் வகுப்பிலும் இதே கதைதான். ‘3 பாதிப்புகள்’ என்று திரையில் வந்தால் பிள்ளைகள் முதலில் தேடுவது வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைத்தான்.

ஓட்டை என்று போடுங்கள். பாதுகாப்பு ஓட்டை. படிக்கிறவருக்கு இரண்டும் புரியும்: ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். யாரும் உள்ளே வந்துவிட்டதாக அதில் பேச்சே இல்லை.

அனுப்புநர்: கூகை

அன்பர்களே,

ஓட்டையா? வாளியைப் பற்றிப் பேசுகிறோமா, அரணைப் பற்றியா? இந்தக் கருத்துக்கென்றே ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அற்றம்.

அறு என்ற வினையிலிருந்து வருவது. மாறு, மாற்றம், ஏறு, ஏற்றம், அறு, அற்றம். தொடர்ந்து வரவேண்டிய ஒன்று அறுபடும் இடம், காவல் விட்டுப்போகும் நேரம். வள்ளுவரைக் கேட்போம். ‘விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல்’ என்கிறார், 1186ஆம் குறளில். விளக்கு எப்போது தளரும் என்று இருள் காத்து நிற்கிறது. விளக்கு இன்னும் அணையவில்லை, இருள் இன்னும் உள்ளே வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வல்னரபிலிட்டிக்கு இதைவிட நல்ல வரையறையை யாராவது எழுதிக் காட்டட்டும். அது காமத்துப்பால், பசலையைப் பற்றிய பேச்சு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்காக உவமை பழுதாகிவிடாது.

அதோடு 421: ‘அறிவற்றங் காக்குங் கருவி செறுவார்க்கும் உள்ளழிக்க லாகா அரண்’. அற்றம், கருவி, அரண் மூன்றும் ஒரே குறளில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்று. அற்றத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் நிரலுக்கு, அதாவது எக்ஸ்பிளாய்ட் என்பதற்கு, கன்னம் என்ற சொல்லை முன்மொழிகிறேன். சுவரைத் துளைத்துத் திருடுவது கன்னமிடுதல். துளைக்கும் கருவி கன்னக்கோல். ஆக அற்றம் என்பது சுவரின் குறை, கன்னம் என்பது திருடன் செய்வது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றி எழுதவே முடியாது.

அனுப்புநர்: தச்சன்

> கன்னம் என்ற சொல்லை முன்மொழிகிறேன்

‘உங்கள் கணினியில் கன்னம் கண்டறியப்பட்டது.’ படிக்கிறவர் முத்தம் கொடுத்துவிட்டு மூடிவிடுவார்.

அற்றம் என்று என் கைப்பேசியில் அடித்துப் பார்த்தேன். விசைப்பலகை தானாகவே ‘சுற்றம்’ என்று திருத்தியது. ‘3 சுற்றம் கண்டறியப்பட்டது, உடனே புதுப்பிக்கவும்.’ விருந்தாளி வருகிறார்கள் என்று நினைப்பார்கள்.

கூகை ஐயா, 421க்குப் பரிமேலழகர் அற்றம் என்பதை இறுதி என்றுதானே கொள்கிறார்? அழிவு வராமல் காக்கும் கருவி அறிவு. 434இல் ‘அற்றந் தரூஉம் பகை’ என்பதும் அதே கதைதான். அப்படிப் பார்த்தால் உங்கள் அற்றம் ‘பாதிப்பு’ என்பதைவிட மோசம். அங்கே வெள்ளம் வந்து போனது; இங்கே ஆளே போய்விட்டார்.

அனுப்புநர்: கூகை

1186இல் அதே பரிமேலழகர் மெலிவு என்கிறாரே! ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்றால் ‘கோப்பு’, ‘சுட்டி’, ‘பொதி’ மூன்றையும் நாளைக்கே தூக்கி எறிய வேண்டியிருக்கும். அவையெல்லாம் கணினிக்கு வருமுன் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொற்கள்தாம். விசைப்பலகையின் அறியாமைக்குத் தமிழ் பொறுப்பல்ல.

அனுப்புநர்: அரணன்

பணியில் இதையே நாள் முழுக்கப் பார்ப்பவன் என்பதால் நடுவில் புகுகிறேன். முதலில் எதையெல்லாம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பக் என்பதற்கு வழு என்று நெடுநாளாக வழங்குகிறோம். அது நிலைத்துவிட்டது. எல்லா வழுவும் வல்னரபிலிட்டி ஆகாது. பொத்தான் தவறான நிறத்தில் வந்தால் அது வழு. பொத்தானை அழுத்துகிறவருக்குத் தனக்கில்லாத உரிமை கிடைத்துவிட்டால்தான் நாம் பேசும் விஷயம்.

இது எவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் என்பதற்கு அதே சூடோதான் உதாரணம். 2011 ஜூலையில் நுழைந்த ஒரு வழு, கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் யாரையும் ரூட், அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகி, ஆக்கிவிடக்கூடியது, 2021 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. சூடோ பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிகேஎக்ஸெக் (சூடோ போன்ற இன்னொரு நிரல்) கதை இன்னும் நீளம்: 2009இலிருந்து இருந்தது, 2022 ஜனவரியில் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கணினிகளையெல்லாம் ‘பாதிக்கப்பட்டவை’ என்று சொல்ல முடியுமா? திறந்து கிடந்தன, அவ்வளவுதான். ஆகவே ‘பாதிப்பு’ போகட்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

‘வீட்டில் நான் ஒருவன்தானே, இன்னொரு கணக்கே கிடையாதே’ என்று சிலர் கேட்பார்கள். உங்கள் கணக்கில் ஓடும் ஒரு கெட்ட நிரல் போதும், அதுவே அந்த இன்னொரு ஆள். இணையத்தில் கண்ட நிறுவல் கட்டளையைப் படிக்காமல் சூடோ போட்டு ஒட்டுகிறவருக்கு ஓட்டையே தேவையில்லை என்பது தனிக்கதை. அவர் கதவைத் திறந்துவிட்டு வணக்கமும் வைக்கிறார்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அகப்பட்டதை மேற்சொன்னவற்றோடு சேர்க்காதீர்கள். அது தற்செயலான குறை அல்ல, வேண்டுமென்றே மறைத்து வைத்த வழி. எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள்) உள்நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருளாளர் துருவிப் பார்த்ததால் வெளிவந்தது. அதற்கு வேறு சொல் வேண்டும். பின்கதவு என்று எழுதுகிறார்கள். எனக்குக் கள்ளவழி பிடிக்கும்.

என் வாக்கு ‘பாதுகாப்புக் குறை’. ஓட்டையும் சம்மதமே.

அனுப்புநர்: கூகை

> அதற்கு வேறு சொல் வேண்டும்

சுருங்கை! சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும்போது ‘சுருங்கை வீதி’ வருகிறதே. யானைக்கூட்டம் போகிற அளவுக்குக் கரந்து செய்த வழி.

அனுப்புநர்: நாழிகை

ஐயா, எக்ஸ்இசட் நம் கோப்பில் இல்லை. பின்கதவும் இல்லை. யானையும் இல்லை. ஒரே ஒரு சொல்.

அனுப்புநர்: மின்மினி

வணக்கம், இந்தக் குழுவுக்குப் புதியவள். இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாகக் கடவுச்சொல் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, திரும்பவும் உள்நுழைவுத் திரையே வருகிறது. கடவுச்சொல் சரிதான். தப்பாக அடித்தால் ‘தவறு’ என்று தனியாகச் சொல்கிறது. முந்தைய நாள் ஒரு வரைகலைச் செயலி திறக்கவில்லை என்று சூடோ போட்டுத் திறந்தேன். இதுவும் ‘பாதிப்பு’தானா? எல்லாவற்றுக்கும் சிமாட் 777 (எந்தக் கோப்பையும் யாரும் படிக்கவும் மாற்றவும் இயக்கவும் விடும் கட்டளை) போடச் சொல்லி ஒருவர் அறிவுரை கூறினார்.

அனுப்புநர்: தச்சன்

போடாதீர்கள்! வேர் அடைவிலிருந்து (எல்லாவற்றுக்கும் மேலுள்ள கோப்புறை) எல்லாவற்றுக்கும் 777 போட்டால் சூடோவின் சிறப்பு உரிமைக்கொடியே கழன்றுவிடும், அப்புறம் சூடோவே ஓட மறுக்கும். இப்போது இருப்பது சின்னச் சிக்கல், அது பெரிய சிக்கல்.

உள்நுழைவுத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பு முனையம் வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், வீட்டு அடைவில் மறைகோப்புகளையும் சேர்த்து நீளப் பட்டியலாகப் பாருங்கள். புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்புக்கு உரிமையாளர் ‘ரூட்’ என்று இருந்தால் அதுதான் காரணம். சூடோ போட்டு வரைகலைச் செயலியைத் திறந்தால் சில நேரம் இப்படி ஆகும். உங்கள் கோப்பு, ஆனால் இப்போது உங்களுக்கே அதைத் தொட அனுமதி இல்லை. சூடோவோடு சோன் கட்டளை கொடுத்து உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி உள்நுழையுங்கள். உரிமையாளர் சரியாகவே இருந்தால் வட்டு நிரம்பிவிட்டதா என்று டிஎஃப் கட்டளையால் பாருங்கள். அப்போதும் இதே மாதிரிதான் சுற்றும்.

அனுப்புநர்: மின்மினி

ரூட்தான்! மாற்றினேன், வந்துவிட்டது. நன்றி அண்ணா. ஓட்டைக்கு என் வாக்கு, வாக்கு உண்டு என்றால்.

அனுப்புநர்: வேம்பு

பாருங்கள், அந்தப் பெண்ணும் ‘பாதிப்புதானா’ என்றுதான் கேட்டிருக்கிறாள். கோப்பின் உரிமை மாறினாலும் பாதிப்பு, நிரலில் குறை இருந்தாலும் பாதிப்பு, வைரஸ் வந்தாலும் பாதிப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் எது தன் கையால் சரிசெய்யக்கூடியது, எதற்குப் புதுப்பிப்பு வர வேண்டும் என்று பயனருக்கு எப்படித் தெரியும்?

அனுப்புநர்: கூகை

வேம்பு அம்மா சொல்வது எனக்கும் உடன்பாடே. அதனால்தான் வேறு எதற்கும் பயன்படாத ஒரு சொல்லைக் கேட்கிறேன். ஓட்டை வாளிக்கும் உண்டு, சட்டைப்பைக்கும் உண்டு.

அற்றத்துக்கு மேலும் ஒரு வலு. குறையைக் கண்டவர் முதலில் மென்பொருள் எழுதியவரிடம் தனியாகச் சொல்லி, திருத்தம் ஆயத்தமாகும்வரை பேசாமல் இருப்பது பாதுகாப்புத் துறையில் மரபு. அரணன் உறுதிசெய்வார். இதோ 980: ‘அற்றம் மறைக்கும் பெருமை’. இதற்கு எதிர்ப்பக்கம் 846: ‘அற்றம் மறைத்தலோ புல்லறிவு தம்வயின் குற்றம் மறையா வழி’. குறையைத் திருத்தாமல் மூலநிரலை மட்டும் மூடி வைத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறோம் என்பவர்களுக்கு இது பொருந்தாதா?

அனுப்புநர்: அரணன்

மரபு உண்மைதான். ஆனால் அந்த மறைத்தலுக்குப் பெரும்பாலும் கெடு உண்டு. கெடு தாண்டினால் திருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் வெளியிட்டுவிடுவார்கள். 980 எழுதியவர் கெடு வைக்கவில்லை.

846இல் அற்றம் என்றால் ஆடையால் மறைக்கும் உறுப்பு, ஐயா. ‘உங்கள் கணினியில் 3 அற்றம்’ என்று போட்டால் உரை தெரிந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

அனுப்புநர்: தச்சன்

போகிற போக்கில் ஒன்று: வழு என்று வைத்துவிட்டோம், சரி. ‘தெரியும், திருத்த மாட்டோம்’ என்று மூடப்படும் வழுக்களுக்கு ‘வழுவமைதி’ என்று வைக்கலாமே. இலக்கணம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

அனுப்புநர்: கூகை

இந்த இழையில் வந்த ஒரே நல்ல யோசனை.

அனுப்புநர்: நாழிகை

இன்று வியாழன் இரவு. எண்ணிப் பார்த்தேன். ஓட்டைக்கு வேம்பு, மின்மினி, தச்சன் (அவர் ஆதரிக்கவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் கிண்டல் செய்துவிட்டார்), பாதி அரணன். அற்றத்துக்குக் கூகை ஐயா. பாதிப்புக்கு யாரும் இல்லை. அறிவிப்பில் ‘பாதுகாப்பு ஓட்டை’ என்று போகிறது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் என்பதற்கு ‘ஒட்டு’ என்று இருந்ததைத் ‘திருத்தம்’ என்று மாற்றிவிட்டேன். ஓட்டை, ஒட்டு, ஓட்டு மூன்றும் ஒரே திரையில் வந்தால் எனக்கே கண் குழம்புகிறது.

புதுப்பித்த பிறகு வரும் வரியையும் மாற்றியிருக்கிறேன். ‘ஓட்டை அடைக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. கர்னலோ (இயங்குதளத்தின் மையக்கரு) பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்போ மாறியிருந்தால், நினைவகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழையது மறுதொடக்கம் செய்யும்வரை அப்படியே ஓடும். ஆகவே: ‘திருத்தம் நிறுவப்பட்டது. கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் ஓட்டை அடைபடும்.’

அனுப்புநர்: கூகை

என் மறுப்பைக் கலைச்சொல் பட்டியலில் குறித்துவையுங்கள். அற்றம் என்பதை மாற்றுச்சொல் கட்டத்தில் சேர்த்தால் போதும். அடுத்த வெளியீட்டின்போது மறுபடி எழுதுவேன்.

அனுப்புநர்: வேம்பு

தம்பி, கடைசியாக ஒன்று. பன்மை வடிவத்தில் ‘3 ஓட்டைகள்’ என்று போட்டிருக்கிறீர்களா, ‘3 ஓட்டை’ என்றா? அஃறிணைக்குக் ‘கள்’ கட்டாயமில்லையே. எண் முன்னால் நிற்கும்போது அது எதற்கு?

அனுப்புநர்: நாழிகை

கோப்பில் ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே சரத்தைப் போட்டால் சரிபார்ப்புக் கருவி எச்சரிக்கை கொடுக்கிறது. இப்போதைக்கு ‘ஓட்டைகள்’.

அனுப்புநர்: கூகை

கருவி எச்சரித்தால் இலக்கணம் மாறிவிடுமா?