சுழல் மேடை: கோணம் ஒத்துவரவில்லை, சூடும் ஏறுகிறது

காந்தப்புலத்தில் மாதிரியைத் திருப்பும் வார்ம் கியர் (திருகுப் பல்சக்கர) மேடை, 2 கெல்வின், 14 டெஸ்லா. 0°-லிருந்து 90° போய்த் திரும்பினால் மின்தடை வளைவுகள் 1.5° விலகுகின்றன. சுற்றும்போது வெப்பநிலையும் ஏறுகிறது. என்ன செய்யலாம்?

▸ விலகலுக்குக் காரணம் பல்லிடைத் தளர்வு. எந்தக் கோணத்தையும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள். திரும்பும்போது 5° கூடுதலாகப் போய் மீண்டும் வாருங்கள். மோட்டார் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், மேடையிலேயே ஹால் சென்சார் (காந்தப்புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் உணரி) ஒட்டுங்கள்.

▸ ஒரு ஹால் சென்சார் போதாது. ஹால் மின்னழுத்தம் கோசைன்படி மாறும்; உச்சத்தில் 1° திரும்பினால் 0.015 சதவீதமே குறையும். முதலாவதற்குச் செங்குத்தாக இன்னொன்று அவசியம்.

▸ சூட்டுக்கு: புலமே இல்லாமல் சுற்றிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் உராய்வு. கிரீஸ் உறைந்துவிடும், துளிகூடக் கூடாது. மாலிப்டினம் டைசல்பைடு பொடி போதும். புலத்தில் மட்டும் ஏறினால் செம்பு மேடையில் சுழல் மின்னோட்டம் (புலத்தில் திரும்பும் உலோகத்தில் தூண்டப்படும் மின்னோட்டம்): வேகத்தைப் பாதியாக்கினால் அந்த வெப்பத்திறன் கால்பங்காகும்.