சப்பாத்துப் பெட்டிக்குள் ஏறி ஏறி விழுகிறது

அக்கா (ஹக்கலை): தம்பி, எழும்பிவிட்டாயா? மகன் காட்டோரத்தில் ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்திருக்கிறான். நேற்றுப் பின்னேரத்திலிருந்து சப்பாத்துப் பெட்டியில் கிடக்கிறது. சுவரில் ஏறுகிறது, விழுகிறது, திரும்பவும் ஏறுகிறது. ஒன்றும் தின்னவில்லை. நீ வளர்க்கிறாயே, கூடு எப்படிச் செய்வது என்று கேட்கிறான்.

அக்கா (ஹக்கலை): [படம்]

பெரியம்மா (பண்டாரவளை): ஐயோ, ஓணானை வீட்டுக்குள் வைப்பதா புள்ள?

தம்பி (லண்டன்): அக்கா, இது பச்சோந்தி மாதிரித் தெரியவில்லை. நம் நாட்டுப் பச்சோந்தி புத்தளம், மன்னார் மாதிரி வெயில் பக்கங்களில்தான் இருக்கும். காலைக் கிட்டப் பார்க்கச் சொல்லுங்க.

அக்கா (ஹக்கலை): மாமா, நான்தான், அம்மாவின் போனில். விரல் ஐந்தும் தனித்தனியாக இருக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் நடக்கிறது, வாலைச் சுருட்டி என் விரலைப் பிடிக்கிறது. நிறமும் மங்கிவிட்டது. அப்ப பச்சோந்திதானே?

தம்பி (லண்டன்): இல்லை மருமகனே. பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கி மாதிரி இருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் அப்படியே மாறி வரும். நீ பிடித்தது கொஃபோட்டிஸ் சிலானிகா. ஓணான் குடும்பம். உலகத்திலேயே இலங்கையில் மட்டும், அதுவும் உங்கள் பக்கத்து உயர்ந்த மலைக் காடுகளில்தான் இருக்கிறது. வாலால் கிளையைப் பிடிப்பதால் பச்சோந்தி என்று நினைக்கத் தோன்றும்.

அக்கா (ஹக்கலை): ஏன் மாமா விடாமல் ஏறுகிறது?

தம்பி (லண்டன்): அதுதான் முக்கியமான கேள்வி. என்னிடம் இருப்பது யேமன், சவூதிப் பக்கத்து வகை, பண்ணையில் பிறந்தது. முதல் மாதம் அதை மீன் தொட்டியில் வைத்தேன். விடிந்ததிலிருந்து கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுத்தேன். அது விளையாட்டு இல்லை. தொட்டியில் உயரம் இல்லை, ஒளிய இலை இல்லை, கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்திருக்கிறது. அப்புறம் 60 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் உயரத்தில் வலைக்கூடு வாங்கி மேசைமேல் வைத்தேன். மேல் கிளை என் தலைக்கு மேலே. அன்றைக்கே ஏறி அந்தக் கிளையில் உட்கார்ந்தது, பிறாண்டல் நின்றுவிட்டது. நாம் மேலிருந்து பார்த்தால் அதற்குப் பருந்து பார்ப்பது போல.

தம்பி (லண்டன்): காலையில் விளக்கடிக்கு ஏறும், அங்கே 30 பாகை சூடு. போதும் என்றால் கீழே நிழலுக்கு வரும். கிளை அதன் கைக்குள் அடங்க வேண்டும். புறஊதா விளக்கும் கல்சியமும் இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து பிடியே தளர்ந்துவிடும். கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் தெளித்த துளியைத்தான் நக்கும்.

பெரியம்மா (பண்டாரவளை): தரைக்கு இறங்கவே இறங்காதா?

தம்பி (லண்டன்): இறங்கினால்தான் கவனிக்க வேண்டும் பெரியம்மா. என்னுடையது பெண். ஒருநாள் மேலே போகாமல் தரையெல்லாம் அலைந்தது. ஆண் துணை இல்லாவிட்டாலும் அந்த வகை முட்டை வைக்கும். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் வைத்தேன். முன்காலால் தோண்டித் தோண்டி, கடைசியில் வால் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரே போகலாம்.

அக்கா (ஹக்கலை): அப்ப நானும் உயரமாகக் கூடு செய்தால் இருக்குமா மாமா?

தம்பி (லண்டன்): வேண்டாம் ராசா. நீ பிடித்தது காட்டில் பிறந்தது, அதற்கு மழை மூட்டமும் பாசி மரமும்தான் வீடு. வனவிலங்குச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. 2019இல், காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் இதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று, வயிறு உப்பலாகத் தெரிகிறது. இது முட்டை போடாது, குட்டி போடும். உள்ளே குட்டி இருக்கலாம்.

பெரியம்மா (பண்டாரவளை): ஓணான் குட்டி போடுமா! இந்த வயதில் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

அக்கா (ஹக்கலை): எங்கே விட வேண்டும் மாமா?

தம்பி (லண்டன்): பிடித்த மரத்திலேயே. தேயிலைச் செடியில் விடாதே, மருந்து அடிப்பார்கள். மழைக்கு முன்னால் போ, அம்மாவையும் கூட்டிப் போ.

அக்கா (ஹக்கலை): [வீடியோ]

அக்கா (ஹக்கலை): விட்டாச்சு மாமா. உள்ளங்கையை மரத்தோடு சேர்த்து வைத்தேன். நாலு காலும் பாசிக்குப் போன பிறகும் வால் மட்டும் என் விரலை விடவில்லை. அப்புறம் மெதுவாகக் கழன்று இரண்டு முழம் ஏறி நின்றது. வீடியோவில் கடைசியில் அது எங்கே என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இடது பக்கம், வெள்ளைப் பாசிக்குக் கீழே பாருங்கள்.

தம்பி (லண்டன்): பார்த்துவிட்டேன்! வாலைச் சுற்றிவிட்டது.

அக்கா (ஹக்கலை): மாமா, உங்களுடையதன் காலைப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டு கட்டு விரலைப் பார்க்க வேண்டும்.