தாத்தா சதாபிஷேகம் – மலர் குழு

கார்த்தி: மலர் இன்று இரவு அச்சுக்குப் போகிறது. இராக்கின் பஸ்ராவில் விமானத்தில் உட்கார்ந்து எடுத்த நம் பஸ்ரா தாத்தா படத்துக்குக் கீழே "முதல் உலகப் போர் விமானி, 1916" என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

வசந்தா அத்தை: சூப்பர்டா

மீனா அக்கா: அசல் படம் யாரிடம் இருக்கிறது?

வசந்தா அத்தை: பாகம் பிரித்தபோது யார் தூக்கிக்கொண்டு போனார்களோ அவர்களிடம்

ராகவன் சித்தப்பா: விமானி என்று போடாதே கார்த்தி. படத்தைப் பெரிதாக்கிப் பார். தாத்தா இருப்பது முன் இருக்கை. அது பி.ஈ.2சி என்ற பிரிட்டிஷ் விமான ரகம். அதில் ஓட்டுகிறவர் பின்னால்தான் உட்காருவார். முன்னால் இருப்பவர் வேவு பார்த்துக் குறிப்பெடுக்கிறவர். சுற்றிலும் கட்டையும் கம்பியும், தலைக்கு மேலே இறக்கை, எதிரே சுழலும் விசிறி. கையில் துப்பாக்கி கொடுத்தால் எந்தப் பக்கம் சுடுவார்? 1915-இல் ஜெர்மனியின் ஃபாக்கர் போர் விமானம், விசிறிக்கு நடுவே சுடும் துப்பாக்கியோடு பிரான்ஸ் பக்கம் வந்ததும் இந்த ரகம் நிறைய விழுந்தது. குதிக்கலாம் என்றால் பாராசூட்டும் கிடையாது.

மீனா அக்கா: ஐயோ

கார்த்தி: அப்போ வேவு பார்த்தவர் என்று போடவா

ராகவன் சித்தப்பா: அதுவும் வேண்டாம். அவர் சாதாரண சிப்பாய். அந்தப் போரில் விமானம் ஓட்டிய இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் விமானச் சண்டையில் 10 வெற்றி. அதே மாதம் 22-ஆம் தேதி போய்விட்டார். வயது 19. நம் பஸ்ரா தாத்தாவை யாரோ படத்துக்காக ஏற்றி உட்காரவைத்திருப்பார்கள்.

வசந்தா அத்தை: ஊரே பைலட் வீடு என்றுதான் சொன்னது. ராகவனுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்

மீனா அக்கா: விமானத்திலிருந்து மாவு மூட்டை போட்ட கதையும் பொய்யா?

ராகவன் சித்தப்பா: அது நடந்ததுதான். இராக்கில் குட் அல் அமாரா ஊரைத் துருக்கிப் படை முற்றுகையிட்டபோது, உள்ளே பிரிட்டிஷ் படையில் இருந்த நம் ஆட்கள் பட்டினி. 1916 ஏப்ரலில் மாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் விமானத்திலிருந்து போட்டார்கள். அரைக்கத் திருகைக்கல் கூட. சில மூட்டை டைகிரிஸ் ஆற்றில், சில துருக்கிக்காரன் பக்கம். அத்தனை வயிற்றுக்கு எங்கே போதும்? 29-ஆம் தேதி சரணடைந்தார்கள். தாத்தா மூட்டை கட்டியிருக்கலாம்.

சுந்தர் மாமா: மாவு என்றதும்தான் ஞாபகம். சமையல்காரர் 200 இலையா 250-ஆ என்கிறார்

வசந்தா அத்தை: 250. போன விசேஷம் மாதிரி மூன்றாம் பந்தியில் வடை தீரக்கூடாது

மீனா அக்கா: அது யார் வீட்டு விசேஷம் என்று ஞாபகம் இருக்கிறதா அத்தை

கார்த்தி: படத்துக்கு என்ன போடுவது???

ராகவன் சித்தப்பா: "விமானத்தில் தாத்தா, பஸ்ரா". போதும்

வசந்தா அத்தை: அப்பாவைக் கேட்டுப் போடு

சுந்தர் மாமா: அவர் தூங்குகிறார். நான் 225 சொல்லிவிட்டேன்